யஃமலூனும் யஃலமூனும்: ஓதத் தடுமாறும் பிள்ளைகளைக் குறித்து



ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு, மக்தபில் பாடம் நடத்தத் தொடங்கிய புதிதில், என்னிடம் ஒரு பத்து வயதுச் சிறுவன் ஓதி வந்தான். ஃபஜ்ருத் தொழுகை முடிந்ததும் முதல் ஆளாக வந்து அமர்பவன். அலிஃப் முதல் யா வரை எந்த எழுத்தைச் சுட்டிக் காட்டினாலும் தயங்காமல் சொல்வான். நான் ஓதிக் காட்டினால் அப்படியே திருப்பி ஓதுவான். குரலும் மக்ரஜும் குறைசொல்ல முடியாதபடி இருக்கும். முஸ்ஹஃபைத் திறந்து அவனையே பார்த்து ஓதச் சொன்னால்தான் சிக்கல். ‘யஃமலூன்’ என்ற இடத்தில் ‘யஃலமூன்’ என்பான். திருத்துவேன். அடுத்த பக்கத்தில் ‘யஃலமூன்’ வரும். அதை ‘யஃமலூன்’ என்பான். முதற்சொல்லுக்கு ‘அவர்கள் செய்கிறார்கள்’ என்று பொருள். இரண்டாவதற்கு ‘அவர்கள் அறிகிறார்கள்’ என்று பொருள். இறைவசனத்தின் பொருள் மாறிப்போகிறதே என்ற பதற்றம் எனக்கு. சொல்லில் உள்ள எழுத்துகளைத் தனித்தனியாகக் கேட்டால் ஐன், மீம், லாம் என்று சரியாகவே சொல்வான். ஆகவே அவனுக்கு எழுத்து தெரியும், கவனம்தான் இல்லை என்று தீர்மானித்தேன். கவனமின்மைக்கு அந்நாளில் எங்களிடம் இருந்த மருந்து பிரம்பு ஒன்றே.

எட்டு மாதங்கள் அவன் அந்த மருந்தை உண்டான். பிறகு வருவதை நிறுத்திவிட்டான். ‘அவனுக்கு ஓதல் ஏறாது’ என்று அவன் வாப்பாவே சொன்னார். நானும் ஆமோதித்தேன். அந்த ஆமோதிப்பைத் திரும்பப் பெறுவதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, என் மாணவி ஒருத்தியின் தாயார், சிறப்புக் கல்வி ஆசிரியை, தம் மகளின் ஓதலைப் பற்றிப் பேச வந்திருந்தார். பேச்சினிடையே இந்தப் பழைய சிறுவனைப் பற்றிச் சொன்னேன். அவர் சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, “ஹஜ்ரத், அந்தப் பையன் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் எப்பவாவது மாத்தி ஓதினானா, இல்லை நடுவுல உள்ளதை மட்டும் மாத்தினானா?” என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். நடுவில் உள்ளவற்றைத்தான். முதலும் முடிவும் என்றுமே இடம் மாறியதில்லை. எட்டு மாதங்கள் எதிரில் அமர்த்தி ஓதக் கேட்டவன் நான். அந்தக் கேள்வி எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

டிஸ்லெக்சியா என்னும் சொல்லை இன்று பலரும் அறிவர். எழுத்துகள் கண்முன் நடனமாடும் ஒரு நோய் என்றோ, இடத்தையும் வலத்தையும் மாற்றிப் பார்க்கும் குறை என்றோ பொதுவாக எண்ணுகிறோம். திரைப்படங்களும் அப்படியே காட்டுகின்றன. அதன் பெயரில் அடங்கியுள்ளவை ஒன்றல்ல, பல என்பதைத்தான் அந்தச் சகோதரி எனக்கு விளக்கினார். அதன்பின் நானும் கிடைத்ததைத் தேடிப் படித்தேன்.

ஒரு சொல்லைப் பார்த்த கணத்தில் நம் மூளை மூன்று வேலைகளைச் செய்கிறது. இவை எந்தெந்த எழுத்துகள் என்று இனங்காண்கிறது. ஒவ்வோர் எழுத்தும் சொல்லில் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொள்கிறது. இந்த எழுத்துகள் இந்தச் சொல்லுக்கு உரியவை, பக்கத்துச் சொல்லுக்கு உரியவை அல்ல என்று வேலி கட்டுகிறது. அதன்பின் இரு வழிகள் பிரிகின்றன. ஏற்கெனவே பழகிய சொல்லாயின் முழுச்சொல்லாகவே அடையாளம் கண்டு ஒலிப்பது ஒரு வழி. எழுத்தெழுத்தாக ஒலியாக்கிக் கூட்டுவது மற்றொரு வழி. கூட்டி வாசிப்பவர்கள் இரண்டாம் வழியில் செல்கிறார்கள். சரளமாக ஓதுபவர்கள் பெரும்பாலும் முதல் வழியில் செல்கிறார்கள். இந்த வேலைகளுள் எதில் இடறல் ஏற்படுகிறதோ அதற்கேற்ப பிழையின் முகம் மாறுகிறது.

என் மாணவனுக்கு இடறியது இரண்டாவது வேலை. எழுத்துகள் தெரியும், அவற்றின் இருக்கைதான் நிலைக்காது. சொல்லின் முதலெழுத்தும் கடையெழுத்தும் பெரும்பாலும் இடத்தில் நிற்க, நடுவெழுத்துகள் மட்டும் தமக்குள் இடம் மாறிக்கொள்ளும். டெல்அவீவ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நஆமா ஃப்ரீட்மன், மனார் ஹத்தாத் ஹன்னா ஆகிய இரு பெண் ஆய்வாளர்கள் இவ்வகைத் தடுமாற்றம் அரபு எழுத்தில் எவ்வாறு வெளிப்படுகிறது என்று ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். அந்நகரின் பெயரைக் கேட்டதும் சிலருக்கு முகம் சுருங்கலாம், எனக்கும் சுருங்கியது. ஆனால் அங்கே வாசித்துத் தடுமாறியவர்கள் அரபு மொழி பேசும் மக்கள். அவர்களைப் பற்றித் தெரிந்துகொண்டது நம் பிள்ளைகளுக்குப் பயன்படுமாயின் வாங்கிக்கொள்வதில் தவறில்லை.

அவர்கள் கண்டது இது. அரபு எழுத்து, சொல்லின் முதலில் ஓர் உருவமும் நடுவில் ஓர் உருவமும் இறுதியில் ஓர் உருவமும் கொள்வது. இடம் மாறினால் எழுத்தின் உருவமும் மாறிவிடும் சொற்களில் இப்பிள்ளைகள் அவ்வளவாகத் தடுமாறுவதில்லை. இடம் மாறியும் உருவம் மாறாத சொற்களில்தான் சறுக்குகிறார்கள். ‘கிதாப்’ என்ற சொல்லில் தாவையும் அலிஃபையும் இடம் மாற்றினால் ‘காதிப்’ என்றாகும். ஆனால் அங்கே தாவும் பாவும் வேறு உருவம் கொண்டுவிடும், ஹரகத்தும் வேறாகிவிடும். அந்த மாற்றமே பிள்ளைக்கு எச்சரிக்கை. ‘யஃமலூன்’ என்பதில் மீமும் லாமும் இரண்டுமே இருபுறமும் இணைந்த நடுவெழுத்துகள். இடம் மாறினாலும் உருவம் மாறாது. ஹரகத்தும் இரு சொற்களிலும் ஒன்றே: ஜபர், ஜஸ்ம், ஜபர், பேஷ். பற்றிக்கொள்ள ஒரு புல்நுனி கூட இல்லை. திருக்குர்ஆனிலோ இவ்விரு சொற்களும் திரும்பத் திரும்ப வருகின்றன. அச்சிறுவன் வழுக்கி விழுந்தது, வழுக்கத்தான் செய்யும் இடத்தில். நான் அதைச் சோம்பல் என்றேன்.

இது இன்று நேற்றுத் தோன்றியதன்று. இங்கிலாந்தில் பிரிங்கிள் மோர்கன் என்னும் மருத்துவர் 1896இல் மருத்துவ இதழொன்றில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். பிறவியிலேயே அமைந்த வாசிப்புத் தடுமாற்றத்தைப் பற்றிய தொடக்ககாலப் பதிவுகளுள் அது ஒன்று. அவன் பெயர் பெர்சி. தன் பெயரையே ‘பிரெசி’ என்று எழுதினானாம். ஒருமுறைக்கு மேல் சுட்டிக் காட்டிய பிறகே தவற்றைக் கண்டானாம். ஆங்கிலத்தில் அப்பெயரை எழுதிப் பாருங்கள். முதலெழுத்தும் கடையெழுத்தும் அசையவில்லை. நடுவில் இரண்டு எழுத்துகள் மட்டும் இடம் மாறியிருக்கின்றன. பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவனாகத்தான் இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் கருதியதையும் மோர்கன் பதிவு செய்திருக்கிறார். அந்த வரியைப் படித்தபோது எனக்கு என் மாணவனின் கிராஅத் நினைவுக்கு வந்தது.

மற்ற வகைகளையும் மக்தபில் காணலாம். சில பிள்ளைகளுக்கு அந்த வேலி பலவீனம். பக்கத்துச் சொல்லின் எழுத்து இந்தச் சொல்லுக்குள் குடியேறிவிடும். அதுவும் அங்கே எத்தனையாவது இடத்தில் இருந்ததோ இங்கேயும் அதே இடத்தில் வந்து அமரும். தமிழில் ‘கடல்’, ‘மணல்’ என்ற இரு சொற்கள் அருகருகே இருந்தால், இரண்டாவதை ‘மடல்’ என்பான் அப்பிள்ளை. பக்கத்தில் மட்டுமல்ல, மேல்வரியிலிருந்தும் கீழ்வரியிலிருந்தும் எழுத்து இறங்கி வரும், ஏறி வரும். நம் சிற்றளவு முஸ்ஹஃப்களில் பதினைந்து வரிகள் எவ்வளவு நெருக்கமாக அச்சிடப்பட்டிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். இத்தகைய பிள்ளை கரும்பலகையில் தனியாக எழுதப்பட்ட சொல்லை அழகாக வாசிக்கும். பக்கத்தைத் திறந்தால் உளறும். ‘பலகையில் ஓதுகிறாய், கிதாபில் ஏன் ஓத மாட்டேன் என்கிறாய்?’ என்று கடிந்துகொள்வோம். அந்தக் கேள்விக்குள்ளேயே விடை இருக்கிறது.

இன்னொரு வகைப் பிள்ளை நம்மை நெடுநாள் ஏமாற்றும். பழகிய சொல்லை உடனே சொல்லிவிடும். பழகாத எழுத்துக்கூட்டை ஒலியாக்க அதனால் முடியாது. சூரா ஃபாத்திஹாவும் சிறிய சூராக்களும் காதால் கேட்டே மனனமாகியிருக்கும். விரலை வரியில் ஓட்டிக்கொண்டு மனத்திலிருந்து ஓதும். பெற்றோரும் உஸ்தாதும் மகிழ்ந்திருப்பார்கள். காயிதாவில் பொருளற்ற எழுத்துக்கூட்டுகள் வரும் பக்கத்துக்கு வந்தவுடன் வாயடைத்துப் போகும். பெரிய பெரிய சூராக்களை ஓதும் பிள்ளை இந்தச் சின்ன ‘ப, பி, பு’வில் நிற்கிறதே என்று வியப்போம். அது இதுவரை வாசிக்கவே இல்லை என்பது நமக்குப் புரிவதில்லை. ஆய்வாளர்களுள் பலர், டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோரின் தடுமாற்றத்துக்கு வேர், ஒலியைப் பகுத்துணர்வதிலும் எழுத்தோடு இணைப்பதிலும் உள்ள இந்தப் பலவீனமே என்று கருதுகிறார்கள். என் மாணவனைப் போன்றவர்கள் அவ்வளவாகக் கவனிக்கப்படாத சிறு பிரிவினர்.

இதற்கு நேர்மாறாக, எழுத்தெழுத்தாகக் கூட்டியே எப்போதும் வாசிக்கும் பிள்ளை உண்டு. ஹரகத் இட்ட முஸ்ஹஃபில் அது பிழையின்றி ஓதும், ஆனால் எறும்பு ஊர்வதுபோல் ஓதும். ஹரகத் இல்லாத அரபுக் கிதாபுக்கு வரும்போதுதான் அதன் சிரமம் வெளிப்படும். ஆங்கிலத்தில் இன்னும் அதிகம். மெய்யெழுத்துகளைச் சரியாகப் படித்துவிட்டு ஜபர், ஜேர், பேஷ்களில் மட்டும் தவறும் பிள்ளையும் உண்டு. எழுத்தை இனங்காண்பதிலேயே இடறும் பிள்ளைக்கு ஜீமும் ஹாவும் ஒன்றாகத் தெரியும். ஆயினும் பாவையும் தாவையும் குழப்பும் ஐந்து வயதுப் பிள்ளை அனைத்தையும் இந்தப் பட்டியலில் சேர்த்துவிடக் கூடாது. தொடக்கத்தில் புள்ளிகளைத் தவறவிடாத பிள்ளை எங்கே இருக்கிறது?

புள்ளி என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். உஸ்மான் (ரலி) அவர்கள் காலத்தில் எழுதி அனுப்பப்பட்ட முஸ்ஹஃப்களில் இன்று நாம் காணும் புள்ளிகளும் ஹரகத்துகளும் இல்லை. நெஞ்சில் குர்ஆனைச் சுமந்த தோழர்களுக்கு அவை தேவைப்படவில்லை. இஸ்லாம் பல நாடுகளுக்குப் பரவி, அரபு தாய்மொழியல்லாதோர் ஓதத் தொடங்கிப் பிழைகள் பெருகியபோதுதான் அபுல் அஸ்வத் அத்துஅலீ (ரஹ்) அவர்கள் வேறு நிற மையால் உயிரொலிக்குப் புள்ளி இட்டார்கள் என்றும், ஹஜ்ஜாஜின் ஆட்சிக்காலத்தில் நஸ்ர் இப்னு ஆஸிம், யஹ்யா இப்னு யஃமர் (ரஹ்) ஆகியோர் ஒத்த உருவமுள்ள எழுத்துகளைப் பிரித்துக்காட்டப் புள்ளி இட்டார்கள் என்றும், பின்னர் கலீல் இப்னு அஹ்மத் (ரஹ்) அவர்கள் இன்றைய ஹரகத் வடிவங்களை அமைத்தார்கள் என்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இவ்வாறு புள்ளி இடுவதைத் தொடக்கத்தில் தயக்கத்தோடு பார்த்த பெரியோர்களும் இருந்தார்கள். இறுதியில் உம்மத் அதை ஏற்றுக்கொண்டது. நாம் இன்று ஓதும் ஒவ்வொரு புள்ளியும், ஒருகாலத்தில் ஓதத் தடுமாறிய யாரோ ஒருவருக்காக இடப்பட்டது. வேறு நிற மையைக் கூட நம் முன்னோர் தயங்காமல் எடுத்தாண்டிருக்க, ஒரு பிள்ளைக்காகச் சொல்லைப் பெரிதாக எழுதிக் கொடுப்பதையோ, மீமுக்கு ஒரு நிறமும் லாமுக்கு ஒரு நிறமும் கொடுப்பதையோ, ‘இது புதுப் பழக்கம்’ என்று சில நிர்வாகிகள் தடுப்பது எனக்கு விளங்கவில்லை.

ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ள நபிமொழியை எல்லா மக்தப்களின் ஆண்டுவிழாவிலும் சொல்கிறோம். தேர்ச்சியோடு ஓதுபவர் கண்ணியமிக்க வானவர்களுடன் இருப்பார். திக்கித் திணறிச் சிரமத்தோடு ஓதுபவருக்கு இரண்டு கூலிகள் உண்டு என்பது அதன் கருத்து. அதன் முதற்பாதிக்குரிய பிள்ளைக்கு மேடையில் பரிசு கொடுக்கிறோம். இரண்டாம் பாதிக்குரிய பிள்ளையைக் கடைசி வரிசையில் முட்டிபோட வைக்கிறோம். அல்லாஹ் இரட்டைக் கூலி வைத்திருக்கும் ஒரு செயலுக்குத் தண்டனை கொடுக்க எனக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள் என்று நான் என்னையே கேட்டுக்கொள்கிறேன். ஏழு வகை ஓதல் முறைகளைப் பற்றிய அறிவிப்பொன்று திர்மிதீயில் உள்ளது. தம் சமுதாயத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் முதியவர்களும் சிறுவர் சிறுமியரும், ஒரு நூலையேனும் வாசித்திராதவர்களும் இருப்பதை நபி (ஸல்) அவர்கள் ஜிப்ரீல் (அலை) அவர்களிடம் எடுத்துரைத்தார்கள் என்று அதில் வருகிறது. ஓத முடியாதவர்களுக்காகப் பரிந்து பேசியவர் அவர்களே.

‘அப்படியானால் இப்பிள்ளைகளைப் பார்த்து ஓதுவதிலிருந்து விடுவித்து, ஒலிப்பதிவைக் கேட்டு மனனம் செய்ய விட்டுவிடலாமே’ என்று ஒரு நண்பர் கேட்டார். எனக்கு இதில் உடன்பாடில்லை. கேட்டு ஓதுவது நம் மூல மரபு. பார்வையற்ற ஹாஃபிழ்கள் எத்தனையோ பேரை நாம் அறிவோம். ஆனால் பார்த்து ஓத ஆசைப்படும் பிள்ளையிடம் ‘உனக்கு இது வேண்டாம்’ என்பது, பிரம்பை இனிய சொல்லால் சுற்றிக் கொடுப்பதுதான். அவனுக்கு வழி இருக்கிறது. அது கடினமானதும் அன்று.

எழுத்து இடம் மாறும் பிள்ளை, விரலையோ ஒரு குச்சியையோ எழுத்தெழுத்தாக நகர்த்திக்கொண்டு வாசித்தால் பிழைகள் குறைகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதைப் படித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. என் உஸ்தாதின் காலத்தில் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஓர் ஈர்க்குச்சி இருந்தது. எழுத்தைத் தொட்டுத் தொட்டு ஓதுவோம். ஜுஸ்உக்கு வந்த பிறகும் குச்சி வைத்திருந்தால் ‘இன்னும் பாப்பாவா நீ?’ என்று கேலி செய்து பிடுங்கிவிடுவது பிற்காலத்தில் வந்த வழக்கம். நானும் அவனிடமிருந்து பிடுங்கினேன். பக்கத்துச் சொல் குறுக்கிடும் பிள்ளைக்கு, ஒரு சொல் மட்டும் தெரியும் அளவு துளையிட்ட அட்டை போதும். பழைய நிகாஹ் அழைப்பிதழ் ஒன்றும் கத்தரிக்கோலும் இருந்தால் ஐந்து நிமிட வேலை. ஒலியாக்கத் தடுமாறும் பிள்ளைக்கு இவ்விரண்டும் பெரிதாக உதவா. எழுத்தையும் ஒலியையும் நிதானமாக, சிறுசிறு அளவாக, பலமுறை இணைத்துக் காட்ட வேண்டும். ஒருவனுக்குரிய மருந்தை மற்றவனுக்குக் கொடுத்துவிட்டு ‘எதுவும் பலிக்கவில்லை’ என்று கைவிடுவதே நம்மில் பலர் செய்வது.

ஆகவே சக உஸ்தாதுகளிடம் நான் கேட்பது ஒரு நோட்டுப்புத்தகம். பிள்ளை தவறும்போது திருத்துவதற்கு முன், கிதாபில் இருந்தது என்ன, அவன் வாயில் வந்தது என்ன என்று குறித்துவையுங்கள். இரண்டு வாரங்கள் போதும். பிழைகளுக்குள் ஓர் ஒழுங்கு இருப்பது தெரியும். சோம்பலால் வரும் பிழைக்கு ஒழுங்கு இராது. அந்தக் குறிப்போடு பெற்றோரை அழைத்து, தகுந்த வல்லுநரிடம் அனுப்புங்கள். இன்ன வகைக் குறைபாடு என்று முடிவுசெய்வது நம் வேலையன்று. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது; பொதுத்தேர்வுகளில் இப்பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரம் முதலிய சலுகைகள் உண்டு. மக்தபில் எழுத்துத் தடுமாற்றத்தை முதலில் காணும் வாய்ப்பு பல வீடுகளில் நமக்கே கிடைக்கிறது. நாம் கண்டு சொன்னால் அப்பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்திலும் கதவு திறக்கும்.

என் பழைய மாணவர் இன்று எங்கள் ஊரிலேயே கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். ஜுமுஆவுக்குத் தவறாமல் வருவார். ரமளானில் எல்லோரும் முஸ்ஹஃபை எடுத்து விரிக்கும் நேரத்தில், அவர் மட்டும் தூணோரம் வெறுங்கையுடன் அமர்ந்து தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருப்பதைப் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். சென்ற ரமளானில் அருகே சென்று அமர்ந்து, நடந்தவற்றைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். “அதெல்லாம் போகட்டும் ஹஜ்ரத்” என்றார். சற்றுப் பொறுத்து, “பெருநாள் கழிச்சு என் மவனை ஓத அனுப்புறேன். அவனை மட்டும் அடிச்சிராதீங்க” என்றார்.

மகனுக்கு ஆறு வயது. ஷவ்வால் மாதம் சேர்ந்தான். எழுத்துகளைத் தனித்தனியே தெளிவாகச் சொல்கிறான். சொல்லாகச் சேர்த்ததும் நடுவெழுத்துகள் சில நாட்கள் இடம் மாறுகின்றன, சில நாட்கள் மாறுவதில்லை. ஆறு வயதுக்கு இது இயல்போ, வாப்பாவின் வழியோ, இன்னும் சொல்ல முடியாது. அவன் பெயரில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அவன் கையில் ஓர் ஈர்க்குச்சி இருக்கிறது.